ஒரு பக்கத்துக் கணக்கு

கணக்கு என்பது தோட்டத் தமிழனுக்குப் புதிய சொல் அன்று. 1896 ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். பின்னர் ஜாசின் பக்கமும் அலோர் காஜாப் பக்கமும் ரப்பர் பரவியது. அது பரவிய இடமெல்லாம் செக்ரோலும் உடன் பரவியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். வந்தவன் பெயருக்கு நேரே ஒரு குறி விழும். வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. பால் எத்தனை, ஒட்டுப்பால் எத்தனை என்பன எல்லாம் கிராணியின் ஏட்டில் ஏறின. நடக்க இயலாத பிள்ளையும், கண் தெரியாத சிறுமியும், பேச்சு வராத இளைஞனும் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தாய் மரம் வெட்டப் போன வேளையில் அவர்கள் லயத்து அறையிலோ, ஆயாக் கொட்டகையின் மூலையிலோ கிடந்தனர். உழைக்கும் கை இல்லாதவர் கணக்கில் இல்லை என்பதே தோட்டத்தின் நீதியாக இருந்தது.

இன்று அந்தப் பிள்ளைகளுக்கென்று நிலையங்கள் இருக்கின்றன. அந்த நிலையங்களுக்கு அரசாங்கப் பணமும் வருகின்றது. பணத்தோடு கணக்காய்வும் வருகின்றது. வரவேண்டியதுதான். பொதுமக்களின் வரிப்பணத்தில் ஒரு வெள்ளியைத் தொட்டவனும் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தலாகாது. ஆயினும், உடற்பேறு குறைந்தோர்க்குத் தொண்டாற்றும் சிறு சங்கங்களின்மீது இன்று சுமத்தப்பட்டுள்ள கணக்கு ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட கணக்கு என்பது என் வாதம். தொண்டு செய்கிறவன் அரசுக்குக் காட்ட வேண்டியது அதில் வரிவரியாக இருக்கிறது. அரசு அந்தத் தொண்டனுக்கும், அவன் தூக்கிச் சுமக்கும் பிள்ளைக்கும் காட்ட வேண்டியது அதில் எழுதப்படவே இல்லை.

மானியமா, ஒப்பந்தமா?

இந்நாட்டில் 'பி.டி.கே.' என்று எல்லா இனத்தாராலும் அழைக்கப்படும் சமூக அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டம் 1984 ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலத்துப் பத்து ராகிட்டில் தொடங்கிற்று. பெரிய விடுதிகளில் பிள்ளைகளை அடைத்து வைப்பதைவிட, ஊரிலேயே ஒரு கூடம் அமைத்து, பெற்றோரும் ஊராரும் சேர்ந்து பயிற்சி கொடுப்பது சிறந்தது என்ற உயர்ந்த எண்ணமே அதன் அடிப்படை. அந்த விதை நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்தது. மலாக்காத் தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களும் அதில் பங்கு பெற்றன.

இந்நிலையங்களின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நிலையத்தை நடத்துவது ஊர்க் குழு. குழுவில் இருப்போர் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறு வணிகர் போன்றோர்; அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பணியாளர்களுக்குரிய தொகையைத் தருவது சமூக நல இலாகா. ஆனால் அப்பணியாளர்கள் அரசு ஊழியர் அல்லர். அவர்கள் பெறுவதற்குச் 'சம்பளம்' என்ற பெயரும் இல்லை, 'அலவன்ஸ்' என்றே பெயர். பணம் தருகிறவர் முதலாளி அல்லர். முதலாளியாக நிற்கும் குழுவிடம் பணம் இல்லை. சிக்கல் வருகிறபோது கையொப்பமிட்டுப் பதில் சொல்ல வேண்டியவர், மாலையில் வேலை முடிந்து வந்து கணக்கெழுதும் குழுச் செயலாளரே.

பி.டி.கே. அல்லாத தொண்டு நிறுவனங்களின் நிலை இன்னும் இளைத்தது. அவை இலாகாவுக்கு விண்ணப்பித்து ஆண்டு மானியம் பெறுகின்றன. மானியம் என்பது கொடுப்போரின் மனம்; கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் மறு ஆண்டு மறு விண்ணப்பம். இவ்வாண்டு கிடைத்தது வரும் ஆண்டும் கிடைக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

ஒப்பந்தம் அப்படிப்பட்டதன்று. ஒப்பந்தம் இரு கைகளையும் கட்டும். இன்ன சேவையை இத்தனை பேருக்கு இத்தனை காலம் செய்வேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், அதற்கு இன்ன தொகையை இன்ன நாளில் தருவேன் என்று மற்றவனும் எழுதிக் கொடுக்கிறான். ஒரு பாலம் கட்டும் குத்தகைக்காரனிடம் அரசு இவ்வாறுதான் நடந்துகொள்கிறது. தவணை தவறினால் அவன் கேட்கலாம், வழக்கும் தொடுக்கலாம். பாலத்திற்குக் கொடுக்கும் இந்த மதிப்பைப் பிள்ளைக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம்? ஒப்பந்தக்காரனுக்குரிய கடமைகளையெல்லாம் தொண்டன்மீது ஏற்றிவிட்டு, ஒப்பந்தக்காரனுக்குரிய உரிமை ஒன்றையேனும் அவனுக்குக் கொடாமல் இருப்பது எந்த வகை நீதி?

ஏறிக்கொண்டே போகும் தாள்கள்

ஜாசின் வட்டாரத்தில் இருபது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க விரும்பும் ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். முதலில் 1966 ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். பதிவு பெற்ற பின், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கையுடன் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிட வேண்டும். நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஒரு நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் மூன்று நாட்களேனும் பராமரித்தால், 1993 ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டம் அங்கே கால் வைக்கிறது. அதற்கும் பதிவு வேண்டும். அப்பதிவுக்கு முன் ஊராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார இலாகா ஆகியோரின் இசைவும் வேண்டும். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு இரசீது கொடுக்க விரும்பினால், 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்று வருமான வரி வாரியத்துக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இவற்றுக்கு மேல் மானியம் கொடுத்த ஒவ்வோர் அமைப்புக்கும், அதனதன் பாரத்தில், அதனதன் நாளில், தனித்தனி அறிக்கை.

இவற்றுள் எந்த ஒன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. தீப்பிடித்தால் தானே எழுந்து ஓட முடியாத பிள்ளைகள் இருக்கும் வீட்டைத் தீயணைப்புப் படை பார்வையிடத்தான் வேண்டும். குறை எங்கே இருக்கிறது என்றால், இத்தனை வாசல்களும் ஒன்றையொன்று அறியாமல் திறந்திருப்பதில் இருக்கிறது. ஒரே வரவு செலவை வெவ்வேறு வடிவங்களில் எழுதிக் கொடுக்க, பெருநகரத்துப் பெரிய நிறுவனத்திடம் கணக்கரும் எழுத்தரும் உண்டு. தெபோங்கிலோ, பத்தாங் மலாக்காவிலோ, காடெக்கிலோ ஐந்தாறு பேர் கூடி நடத்தும் ஓர் அமைப்பிடம் யார் இருக்கிறார்கள்? பிள்ளைக்குச் சோறூட்டும் அதே கைதான் பாரத்தையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. பாரம் நிரப்பும் ஒவ்வொரு மணி நேரமும் பயிற்சியிலிருந்து பிடுங்கப்பட்ட மணி நேரமே. அந்த இழப்பு எந்தக் கணக்காய்வு அறிக்கையிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

இதன் விளைவு யாவர் தலையில் விடிகிறது? தாள் எழுதத் தெரிந்த இடத்துக்கே பணம் போகிறது. அத்தகைய இடங்கள் நகரங்களில் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்த பின், சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கு அந்நகரத்து நிலையம் எட்டாக் கனியாகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி வருவது எளிய செயலா?

திருட்டைத் தடுக்கவே இவ்வளவும் என்பார்

இங்கே ஒருவர் எழுந்து, "கடுமை குறைந்தால் பணம் கொள்ளை போகும். நம்மவர் சங்கங்களை நாம் அறியோமா?" என்று கேட்பார். அவர் கேள்வியைத் தட்டிக் கழித்தல் நேர்மையன்று.

நம்மிடையே நிகழ்ந்த ஒன்றையே சான்றாகக் கொள்வோம். இந்தியச் சமுதாயத்தின் மேம்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட மித்ரா மானியங்கள் தொடர்பாகப் பொய்க் கோரிக்கைகள் கொடுக்கப்பட்டன என்ற ஐயத்தின் பேரில், 2021 ஆம் ஆண்டில் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்திப் பலரைத் தடுத்து வைத்தது. சிலர்மீது நீதிமன்றத்தில் குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் எண்ண வேண்டியது வேறொன்று. மானியக் கோரிக்கை என்பது தாள் இல்லாமல் போவதில்லை. பாரம் இருக்கும், விலைப்பட்டியல் இருக்கும், முத்திரை இருக்கும், கையொப்பமும் இருக்கும். ஏமாற்ற நினைப்பவனுக்குத் தாள் ஒரு தடையே அன்று; அவன் தொழிலே தாள்தான். தாளைக் கண்டு அஞ்சுகிறவன், தாளெழுதத் தெரியாத நல்லவன். இப்படிப்பட்ட கணக்காய்வு கள்வனுக்குக் கதவையும் தொண்டனுக்குச் சுவரையும் காட்டுகிறது.

அதே வேளையில், நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் அமைப்புகளில் கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் மனப்போக்கு ஊறிக் கிடக்கிறது. தலைவரிடம் இரசீது கேட்டால், "என்மீது நம்பிக்கை இல்லையா?" என்று சீறுகிறார். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு ஒரு நிமிடத்தில் வாசிக்கப்பட்டு, ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, தேநீர் விருந்து தொடங்கிவிடுகிறது. உடற்பேறு குறைந்த பிள்ளையின் பெயரால் திரட்டப்பட்ட பணத்திலும் இதே வழக்கம் தொடருமாயின், நாம் அரசைக் குறை சொல்லும் தகுதியை இழந்தவர்கள் ஆவோம். கணக்குக் குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சரியான கணக்கு, சரியானவர்களுக்கு முன்னால் வைக்கப்பட வேண்டும் என்றே கேட்கிறேன்.

அளவுக்கேற்ற கணக்காய்வு

பிற நாடுகள் இதற்கு வழி காணாமல் இல்லை. அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டில் ஒற்றைக் கணக்காய்வுச் சட்டம் வந்தது. பல இலாகாக்களிடம் மத்திய அரசின் பணம் பெறும் ஓர் அமைப்பு, இலாகாதோறும் தனித்தனிக் கணக்காய்வுக்கு ஆளாகாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கணக்காய்வு செய்துகொண்டால் போதும் என்பதே அதன் கருத்து. மேலும், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சிறு அமைப்புகளுக்கு அக்கணக்காய்வே கட்டாயமில்லை. 7,50,000 டாலராக இருந்த அந்த எல்லை, 2024 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்குப் 10,00,000 டாலராக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே இருப்போர் ஏட்டை எரித்துவிடலாம் என்பதன்று. ஏடுகளை ஒழுங்காக வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த தேசிய உடற்பேறு குறைந்தோர் காப்புறுதித் திட்டத்தில், பதிவுபெற்ற சேவையாளர்களைக் கண்காணிக்க 2018 இல் ஓர் ஆணையம் ஏற்பட்டது. அங்கே கணக்காய்வு இரு வகை. இடர் குறைந்த எளிய சேவைகளுக்குத் தாள்களைச் சரிபார்ப்பதோடு முடிகிறது. பிள்ளையின் உடலோடும் உயிரோடும் தொடர்புடைய இடர் மிகுந்த சேவைகளுக்கு, ஆய்வாளர் நேரில் சென்று, சேவை பெறுவோரிடமே பேசிப் பார்க்க வேண்டும். அத்திட்டத்திலும் செலவும் தாளும் மிகுதி என்ற முறையீடு சிறு அமைப்புகளிடமிருந்து எழுந்தே வருகிறது. எனினும், இடருக்கு ஏற்றபடி ஆய்வு என்ற கொள்கை நாம் கற்க வேண்டியது.

ஒப்பந்தம் என்றவுடன் எல்லாம் சீராகிவிடும் என்று மயங்கவும் வேண்டாம். பிரிட்டனில் 2011 இல் தொடங்கிய வேலைத் திட்டத்தில், ஆளை வேலையில் அமர்த்தினால்தான் பணம் என்ற முறையில் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. எளிதில் வேலைக்குப் போகக்கூடியவர்களுக்கே கவனிப்புக் கிடைத்தது. உடல்நலமும் உடற்பேறும் குறைந்த கடினமானவர்கள் ஓரங்கட்டப்பட்டனர் என்று 2014 இல் அந்நாட்டு நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு குறை கூறியது. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால், எண்ணுவதற்கு எளிய தலைகளே தேர்ந்தெடுக்கப்படும். அத்தகைய ஒப்பந்தம் இங்கே வருமானால், நகர வீட்டுப் பிள்ளைக்கு வேன் போகும். செம்மண் சாலையின் முடிவில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்குப் போகாது. ஆதலால், தொலைவுக்கும் உடல்நிலையின் கடுமைக்கும் ஏற்பத் தொகை கூடும்படி ஒப்பந்தம் எழுதப்படுதல் வேண்டும்.

எதைக் கேட்பது கணக்காய்வு?

ஐக்கிய நாடுகளின் உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 2008 ஏப்ரலில் கையொப்பமிட்டது. 2010 ஜூலையில் அதனை உறுதி செய்தது. உடற்பேறு குறைந்தோர் சுரண்டலுக்கும் வன்முறைக்கும் ஆளாகாதபடி, அவர்களுக்கென அமைந்த எல்லா நிலையங்களும் திட்டங்களும் சுதந்திரமான அதிகாரிகளால் செம்மையாகக் கண்காணிக்கப்பட வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையின் 16 ஆம் விதி கூறுகிறது. அங்கே கண்காணிப்பின் நோக்கமாகச் சொல்லப்பட்டிருப்பது மனிதன், இரசீது அன்று.

நம் கணக்காய்வு எதைக் கேட்கிறது? அரிசி வாங்கியதற்குச் சீட்டு எங்கே என்று கேட்கிறது. அந்த அரிசி யார் வயிற்றுக்குப் போயிற்று என்று கேட்பதில்லை. பயிற்சிப் பொருள் வாங்கியதற்கு விலைப்பட்டியல் கேட்கிறது. ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் அப்பிள்ளை தன் கையால் சட்டை மாட்டக் கற்றதா என்று கேட்பதில்லை. சீட்டைக் கேட்பது வேண்டும். சீட்டோடு நின்றுவிடுவது தகாது. அரிசிச் சீட்டு சரியாக இருந்து, பிள்ளையின் உடம்பில் அடித்த தழும்பு இருந்தால், அந்நிலையத்தின் கணக்கு நேரானதா?

இந்தக் கேள்விகளுக்கு விடை பெற்றோரிடம் இருக்கிறது. தோட்டத்துத் தாய் ஒருத்தி தன் பிள்ளை நடத்தப்படும் முறையைத் தமிழில் விரிவாகச் சொல்வாள். அதிகாரியின் முன் அறியா மொழியில் தலையை மட்டும் ஆட்டுவாள். பாரம் தேசிய மொழியில் இருக்கட்டும், அது முறையே. பெற்றோரையும் பிள்ளையையும் கேட்கும் கேள்வி அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குக் கை மொழியோ படமோ வேண்டும். அவர்களைக் கேளாமல் முடிந்த ஆய்வு பாதி ஆய்வே.

அரசின் பக்கமும் எழுதப்படட்டும்

2008 ஜூலையில் நடப்புக்கு வந்த உடற்பேறு குறைந்தோர் சட்டம் போக்குவரத்து, கல்வி, வேலை, பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றைப் பற்றி நல்ல சொற்களைப் பேசிற்று. ஆனால் அச்சட்டம் பிறந்தபோது, மீறியவர்க்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை; அரசின்மீது வழக்குத் தொடுப்பதற்குத் தடையையும் அது தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. சங்கச் செயலாளர் 60 நாளைத் தவறவிட்டால் சட்டம் அவர்மீது பாயும். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசு செய்ய வேண்டியதைப் பல்லாண்டு செய்யாமல் விட்டால் பாய்வதற்கு ஒரு சட்டமும் இல்லை. இதனைத்தான் ஒரு பக்கத்துக் கணக்கு என்கிறேன்.

தலைமைக் கணக்காய்வாளர் அரசியலமைப்புச் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட பதவியாளர். இரசீதை மட்டும் பார்ப்பதோடு அமையாமல், ஒரு திட்டம் தன் நோக்கத்தை எட்டியதா என்று ஆராயும் செயற்றிறன் கணக்காய்வும் அவர் செய்கிறார். பொதுப்பணம் போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து ஆராய்வதற்கு அவர் அதிகாரத்தை விரிவாக்கி 2024 இல் கணக்காய்வுச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் மசோதாவும் மக்களவையில் நிறைவேறியது. பொருள் வாங்குவதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் விதி செய்யும் வேகம் இருக்கிறதென்றால், பராமரிப்புச் சேவைக்கு ஓர் ஒழுங்கான ஒப்பந்த விதி செய்யவும் இயலும்.

ஆதலின், நம் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியவை இவை. ஆண்டு மானியத்தை மாற்றி, குறைந்தது மூன்றாண்டுக்கான ஒப்பந்தம் வேண்டும்; அதில் தவணைத் தொகை வரும் நாள் எழுதப்பட்டு, தவறினால் அரசு பொறுப்பேற்க வேண்டும். எல்லா இலாகாக்களும் ஏற்கும் ஒரே ஆண்டறிக்கை வேண்டும். சிறு நிலையங்களுக்கு எளிய ஆய்வும், மாவட்டத்துக்கு ஒரு கணக்கரை இலாகாவே அமர்த்தித் தரும் ஏற்பாடும் வேண்டும். பெற்றோரையும் பயிற்சி பெறுவோரையும் நேரில் கேட்காத எந்த ஆய்வும் முழுமை பெறாது என்ற விதி வேண்டும். மலாக்காவின் தோட்டப் புறங்களில் நிலையத்துக்கு வரவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர், வருவோர் எத்தனை பேர், வராதோர் ஏன் வரவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்ந்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

நம் பங்குக்கு, ஒவ்வோர் அமைப்பும் தன் வரவு செலவை எளிய தமிழில் எழுதி நிலையத்தின் வாசலில் ஒட்டி வைக்கட்டும். அரசு கேட்குமுன் பெற்றோருக்குக் காட்டட்டும். தன் ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கே அடுத்தவன் ஏட்டைத் திறக்கச் சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையோடு இலாகாவின் வாசலில் போய் நிற்போம். பிச்சையாக அன்று, ஒப்பந்தமாக எழுதித் தருமாறு கேட்போம்.